கியர்பாக்ஸை இறக்கும் முன் வேக்யூம் குழாயைப் பாருங்கள்: பழைய டீசல் பென்ஸில் நான் பட்ட பாடு

என்னிடம் இருப்பது 1983-ஆம் வருடத்து மெர்சிடிஸ் பென்ஸ் 300டி. டபிள்யூ 123 வரிசை, டர்போ இல்லாத ஐந்து சிலிண்டர் டீசல், 88 குதிரைத்திறன், நாலு கியர் ஆட்டோமேட்டிக். டெல்லியில் ஒரு தூதரகத்தில் ஓடி, எஸ்டிசி (மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன்) ஏலத்தில் விற்கப்பட்டு, பல கை மாறிக் குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நின்றிருந்த வண்டி. கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது கியர் மாறுவதே தெரியாது. எஞ்சின் சத்தம் மாறுவதை வைத்துத்தான் கியர் ஏறியதைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி இருந்த வண்டி, இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது பின்னால் வந்த லாரி மோதியதுபோல் அதிர ஆரம்பித்தது. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி என்னிடமிருந்து போன பணம் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். உண்மையான கோளாறு, கதவுக்குள் கிழிந்திருந்த ஒரு சின்ன ரப்பர் சவ்வும், எஞ்சினுக்கு மேல் காய்ந்து போயிருந்த சில ரப்பர் முனைகளும். இதை முன்கூட்டியே சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 722 என்று தொடங்கும் கியர்பாக்ஸ் உள்ள பழைய பென்ஸ் டீசல், அதாவது டபிள்யூ 123-இல் பிற்பாடு வந்த வண்டிகளோ டபிள்யூ 124-ஓ வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

முதலில் அதிர்வு காலையில் மட்டும்தான் இருந்தது. வண்டி சூடானதும் குறைந்துவிடும். சில வாரங்களில் எப்போதும் வர ஆரம்பித்தது. அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினால் உடனே நிற்காது. இரண்டு மூன்று வினாடி தடதடவென்று ஓடிவிட்டுத்தான் அடங்கும். கதவுகளின் சென்ட்ரல் லாக்கும் சோம்பலாகிவிட்டது. ஓட்டுநர் கதவைப் பூட்டினால் மற்ற கதவுகள் ஒவ்வொன்றாக, தாமதமாகப் பூட்டிக்கொள்ளும். இந்த மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். ஆனால் நான் கொண்டுபோன இரண்டு பட்டறையிலும் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

முதல் பட்டறையில் "ஆயில் மாத்தினா சரியாயிரும் சார்" என்றார்கள். சரி, அது நியாயமான ஆரம்பம்தான், ஆயில் மாற்றி எத்தனை வருடமோ என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் மாற்றிய விதம்தான் பிரச்சினை. பானில், அதாவது கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டில், இருக்கும் போல்ட்டைக் கழற்றி வடித்தார்கள், பில்டரைத் தொடவில்லை, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரை வடிக்கவே இல்லை. பிறகு எஞ்சினை அணைத்த நிலையிலேயே கேஜ் குச்சியைப் பார்த்து, மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றி அனுப்பினார்கள். குச்சியைத் துடைத்தது பனியன் வேஸ்ட்டால். எங்கள் ஊர்ப் பக்கம் திருப்பூர் பனியன் வேஸ்ட் இல்லாத பட்டறையே கிடையாது, அதற்குப் பழகிப்போன கை. ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அந்த நூல் பிசிறுதான் எமன். உள்ளே வால்வ் பாடியில் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி விட்டு நகரும் வால்வுகள் இருக்கின்றன. ஒரு பிசிறு போய் உட்கார்ந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும். பிசிறு விடாத துணியால் மட்டும் துடையுங்கள், பட்டறைக்குப் போகும்போது கையோடு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆயில் மாற்றும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நம் ஊரில் சரியாகச் செய்பவர்கள் குறைவு. இந்தக் கியர்பாக்ஸில் வடிக்கும் போல்ட் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பானில், இன்னொன்று டார்க் கன்வர்ட்டரில். இரண்டுக்கும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீதான். கன்வர்ட்டரின் போல்ட் எப்போதும் கண்ணில் படாது. எஞ்சினின் முன்பக்கத்தில் கிராங்க் போல்ட்டில் 27 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்பினால் பெல் ஹவுசிங்கின் (கன்வர்ட்டரை மூடியிருக்கும் கூடு) அடியில் இருக்கும் திறப்பில் அது வந்து நிற்கும். எதிர்த்திசையில் திருப்பக் கூடாது. பானை மட்டும் வடித்தால் பழைய ஆயிலில் கணிசமான பகுதி கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும், புது ஆயில் போட்ட அன்றே அழுக்காகிவிடும். பானைக் கழற்றினால் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு இருக்கும், அது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. பளபளக்கும் உலோகத் துணுக்கோ, கருகிய வாடையோ இருந்தால்தான் கவலை. பில்டர் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும் தட்டையான பிளாஸ்டிக் பெட்டி. 722.3-க்கும் 722.4-க்கும் பில்டரும் பேக்கிங்கும் வேறு வேறு. வண்டி மாடலைச் சொல்லி வாங்காதீர்கள், பான் விளிம்புக்கு மேல் கியர்பாக்ஸ் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பார்த்துச் சொல்லி வாங்குங்கள். பான் போல்ட்டுகளை வெறியோடு முறுக்கக் கூடாது. 8 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் பேக்கிங் பிதுங்கி ஒழுகும்.

ஊற்றும்போது எஞ்சினை அணைத்த நிலையில் நாலு லிட்டர், பிறகு எஞ்சினை ஓடவிட்டு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. கன்வர்ட்டரையும் வடித்திருந்தால் மொத்தம் ஆறு லிட்டர் அருகில் பிடிக்கும். அளவு பார்ப்பது வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பார்க்கில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். இரண்டு கோட்டுக்கும் இடையே இருப்பது வெறும் 0.3 லிட்டர். அதாவது ஒரு டீ டம்ளரை இரண்டு தடவை கவிழ்த்தால் தாண்டிவிடும். குளிர்ந்த நிலையில் ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழேதான் தெரியும், அதைப் பார்த்துப் பதறி ஊற்றினால் சூடானதும் வழியும். அளவு கூடினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரைக்கவைக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. என் வண்டிக்கு அதுதான் ஆனது. முதல் பட்டறையிலிருந்து வெளியே வந்த பிறகு அதிர்வோடு சேர்த்து வழுக்கலும் வந்தது. அவிநாசி ரோட்டில் லட்சுமி மில் சிக்னலில் பச்சை விழுந்து காலை வைத்தால், எஞ்சின் கத்தும், வண்டி யோசித்துவிட்டு ஒரு குதி குதிக்கும். பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானம். "இந்த வண்டி வேண்டாம்டா, ஆட்டோலயே போயிக்கலாம்" என்று அன்றைக்குச் சொன்னார். அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் குடைந்தது.

இரண்டாவது பட்டறைக்குப் போனபோது நான் பதற்றத்தில் இருந்தேன். மூத்த மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் போயிருச்சுங்க சார். கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கும், இறக்கித்தான் பாக்கணும்" என்றார். "சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் உடனே நிக்க மாட்டேங்குதுங்களே அண்ணா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டேன். "அது வேறங்க சார், அதை அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பதிலின் விலைதான் எனக்கு ஒரு லட்சம்.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். ஓவர்ஹால் கிட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று 58,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன், சுங்க வரியெல்லாம் அதில் அடக்கம். கூலி 45,000. ஆயில், சில்லறைச் செலவு, வண்டியை ஏற்றி இறக்கிய லாரி வாடகை என்று மேலும் ஏறியது. வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுக்க வண்டி ஸ்டாண்டில் கிடந்தது. திறந்து பார்த்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிளேட்டுகளில் தேய்மானமே இல்லை. எழுத்து அடித்திருந்தது கூட அழியாமல் இருந்தது. நான் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். ஆனாலும் கிட் வந்துவிட்டதே என்று எல்லாவற்றையும் மாற்றி மூடினார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் தாண்டுவதற்குள் அதே இடி. மூன்றாவது கியரில் அதே இடி. கூடவே கியர் ஏறுவதும் ரொம்பத் தாமதமாகி, எஞ்சின் அலறிய பிறகே மாறியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உக்கடத்தில் பழைய இரும்புக்கு எடுப்பவர் ஒருவரிடம் விலை கூடக் கேட்டுவிட்டேன்.

நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். காற்றழுத்தக் குழாய்களும் கேஜ்களும் எனக்குப் புதிதல்ல. ஒரு இயந்திரம் தவறாக நடந்தால் அதற்குக் கட்டளை கொடுப்பது எது என்றுதான் மில்லில் முதலில் பார்ப்போம். இந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்து, கியர்பாக்ஸ் பகுதியை ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். விஷயம் புரிய ஆரம்பித்ததும் கோபம்தான் வந்தது, அவ்வளவு எளிமையான விஷயம் அது.

கியர் எவ்வளவு அழுத்தமாக மாற வேண்டும் என்பதைக் கியர்பாக்ஸ் தானாக முடிவு செய்வதில்லை. நீங்கள் காலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதற்குத் தெரிய வேண்டும். மெதுவாகப் போகும்போது கிளட்சுகள் மென்மையாகப் பிடிக்க வேண்டும், முழு இழுவையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கிக் கருகிவிடும். பெட்ரோல் வண்டியில் த்ராட்டில் தட்டு இருப்பதால் காலின் அழுத்தத்துக்கு ஏற்ப எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்லெட் மானிபோல்டில் வேக்யூம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுப்பு, கூடும் குறையும், அதையே செய்தியாக எடுத்துக்கொள்ளலாம். இந்த டீசலில் த்ராட்டில் தட்டு கிடையாது, மானிபோல்டில் வேக்யூமே இல்லை. அதனால் எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு வேக்யூம் பம்ப் வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கு, எஞ்சினை நிறுத்த, கதவுப் பூட்டுகளுக்கு, சில வண்டிகளில் ஏசியின் காற்று மடல்களுக்கு, கடைசியில் கியர்பாக்ஸுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பம்ப்தான். கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய குழாய், டீசல் பம்பின் மேல் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு வால்வு வழியாகப் போகிறது. ஐடிலில், அதாவது காலை வைக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, வேக்யூம் அதிகம், காலை அழுத்த அழுத்த அந்த வால்வு அதை வெளியே விட்டுக் குறைக்கிறது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர் என்ற கிண்ணம் போன்ற பாகம் அதை உணர்ந்து உள்ளழுத்தத்தை மாற்றுகிறது. வேக்யூம் இருந்தால் மென்மை, இல்லாவிட்டால் இறுக்கம்.

இப்போது ஒரு குழாய் எங்கேயோ கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸுக்கு வேக்யூம் வந்து சேராது. ஓட்டுபவர் முழுக் காலையும் வைத்திருக்கிறார் என்று அது நினைத்துக்கொள்ளும், ஒவ்வொரு கியரையும் இடித்து மாற்றும். கியர்பாக்ஸ் ஆரோக்கியமாக இருப்பதால்தான் இடிக்கிறது. எஞ்சின் சாவியில் நிற்காததற்கும் காரணம் அதே கசிவுதான், டீசலை நிறுத்தும் தடுப்பானையும் இழுப்பது வேக்யூம்தானே. ஆக, பழைய பென்ஸ் டீசலில் கியர் இடித்து, எஞ்சினும் சாவியில் சட்டென்று நிற்காமல் இருந்தால், கியர்பாக்ஸில் யாரும் கை வைக்கும் முன் வேக்யூமைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள்.

கேஜ் பொருத்திய ஒரு கை வேக்யூம் பம்ப் வாங்கினேன், 3,000 ரூபாய்க்குள்தான். ஓவர்ஹாலுக்கு முன்பே இதை வாங்கச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். முதலில் மெயின் பம்ப். பம்பின் தடித்த குழாயில் கேஜைப் போட்டு ஐடிலில் பார்த்தால் என் வண்டியில் 22 அங்குலம் (பாதரச அளவில்) வந்தது, பம்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று கவனியுங்கள், கடல் மட்டத்திலிருந்து மேலே போகப் போகக் காற்றழுத்தமே குறைவதால் கேஜ் காட்டும் எண்ணும் இறங்கும். 300 மீட்டருக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஊட்டியில் நின்றுகொண்டு சென்னைக்காரர் சொல்லும் எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

அப்புறம் ஒவ்வொரு கிளையாகக் கழற்றிக் கை பம்பால் இழுத்து, கேஜ் முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய்களுக்கு நிறம் இருக்கிறது. பழுப்பு எஞ்சினை நிறுத்துவதற்கு, மஞ்சள் கதவுப் பூட்டுகளுக்கு, பச்சை ஏசிக்கு. பழுப்பு நின்றது. மாடுலேட்டர் நின்றது. மஞ்சளில் இழுக்க இழுக்க முள் ஏறவே இல்லை. மஞ்சள் குழாயைக் கழற்றி, பம்ப் பக்கத்து முனையை ஒரு ஸ்க்ரூவால் அடைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பி, சாவியைத் திருப்பினேன். கத்தரித்ததுபோல் நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். இடி முக்கால்வாசி போய்விட்டது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. போன பணமும், மழைக்காலம் முழுக்க அம்மாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும்தான் நினைவுக்கு வந்தன.

கதவுப் பூட்டில் பூட்டுவதற்கு ஒரு குழாய், திறப்பதற்கு ஒரு குழாய். அதனால் கசிவு ஒரு நிலையில் மட்டும் இருக்கலாம். எனக்கு இரவில் கதவுகளைப் பூட்டிக்கொண்டு ஓட்டும்போது அதிர்வு குறைவாக இருப்பதாக ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது, பட்டறையில் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. சந்தேகம் சரிதான். பின் இடதுகதவின் உள்ளே இருந்த சவ்வு திறக்கும் பக்கத்தில் கிழிந்திருந்தது. கதவில் கசிந்தாலும் மற்றவற்றைப் பாதிக்காமல் இருக்க வழியில் ஒரு ஒருவழி வால்வு உண்டு, அதுவும் வேலை செய்யவில்லை. கதவுப் பாகம் சென்னை புதுப்பேட்டையில் பழசாகக் கிடைத்தது, வாங்கும் முன் அங்கேயே கை பம்ப் போட்டுச் சோதித்துத்தான் வாங்கினேன். ஒருவழி வால்வையும், குழாய்களை இணைக்கும் ரப்பர் முனைகளையும் புதிதாகவே வரவழைத்தேன். ரப்பர் முனைகளைப் பழசாக வாங்குவதில் அர்த்தம் இல்லை. நாற்பது வருட எஞ்சின் சூட்டில் அவை பிளாஸ்டிக்போல் இறுகியிருக்கும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும், காற்றைப் பிடிக்காது. பைக் பெட்ரோல் டியூப்பை வெட்டிப் போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம், வேக்யூமில் அது உள்வாங்கிச் சப்பிவிடும்.

மீதி இருந்தது, இரண்டாவது பட்டறை செய்துவிட்டுப் போன வேலை. இங்கே வரிசை முக்கியம், ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவக் கூடாது. முதலில் எஞ்சின் ஐடில், 700 முதல் 800 சுற்றுக்குள். ஐடில் அதிகமாக இருந்தால் டிரைவில் போட்டதும் தட்டும், அதற்குக் கியர்பாக்ஸைத் திட்டிப் பயனில்லை. எஞ்சின் மவுண்ட்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் தட்டும் கிழிந்திருந்தாலும் அதே தட்டல் வரும். அடுத்தது ஆக்சிலரேட்டர் லிங்கேஜ், அதாவது பெடலை டீசல் பம்போடு இணைக்கும் கம்பிகள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து முழுதாக மிதிக்கச் சொல்லி, டீசல் பம்பின் லீவர் கடைசி நிறுத்தம் வரை போகிறதா என்று பாருங்கள். பந்து மூட்டுகள் தேய்ந்திருந்தால் போகாது. என் வண்டியில் பாதி வழி சொச்சம்தான் போனது. இவ்வளவு நாள் வண்டிக்கு வயதாகிவிட்டது, மேட்டில் இழுக்காது என்று எண்ணியிருந்ததற்கு இதுதான் காரணம்.

அதன் பிறகுதான் பௌடன் கேபிள். லிங்கேஜிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் கம்பி இது. எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது. பட்டறைகளில் இதைக் கிக்டவுன் (பெடலை முழுதாக மிதித்ததும் கியரை இறக்குவது) கேபிள் என்று சொல்லி அதற்கேற்ப இழுத்துக் கட்டிவிடுவார்கள். இந்த வண்டியில் கிக்டவுன் என்பது ஆக்சிலரேட்டர் பெடலுக்கு அடியில் இருக்கும் மின்சார ஸ்விட்ச், கேபிளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அட்ஜஸ்ட் செய்வது இப்படி: லிங்கேஜ் ஐடில் நிலையில் இருக்கும்போது கேபிள் முனையின் குழிவைப் பந்திலிருந்து கழற்றுங்கள். மெதுவாக முன்னால் இழுங்கள். ஓரிடத்தில் லேசான தடை விரலில் தெரியும். அந்த இடத்தில் குழிவு பந்துக்கு நேராக, இழுக்காமலும் தொய்யாமலும் வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் திருப்பி அங்கே கொண்டுவர வேண்டும். என் வண்டியில் அதை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள், அதனால்தான் எஞ்சின் அலறும் வரை கியர் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் தவறினால் இன்னும் மோசம். கேபிள் தொய்வாக இருந்தால் கியர் சீக்கிரமாக, சொகுசாக மாறுவதுபோல் தோன்றும், ஆனால் இரண்டு கியருக்கு நடுவில் எஞ்சின் ஒரு கணம் காற்றில் சுற்றும். அந்த ஒரு கணத்தில் தேய்வது கிளட்ச் பிளேட்.

இதில் நான் ரொம்பத் தீர்மானமாக இருக்கிறேன்: அதிர்வைவிட வழுக்கல் ஆயிரம் மடங்கு கெட்டது. அதிர்வு உங்கள் கழுத்தையும் மவுண்ட்டையும் பதம் பார்க்கும், வழுக்கல் கியர்பாக்ஸையே தின்றுவிடும். கேபிளைத் தளர்த்தியோ மாடுலேட்டரைத் திருப்பியோ அதிர்வை மறைத்து அனுப்பும் பட்டறையிடம் கவனமாக இருங்கள். மாடுலேட்டரின் ரப்பர் மூடிக்கு அடியில் டி வடிவத்தில் ஒரு திருகு இருக்கும், வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுக்கம், இடஞ்சுழியாகத் திருப்பினால் மென்மை. திருப்புவது சுலபம் என்பதாலேயே எல்லோரும் முதலில் அதைத்தான் திருப்புகிறார்கள். அதைத் தொட வேண்டியது கடைசியில். ஆயில், வேக்யூம், லிங்கேஜ், கேபிள் எல்லாம் சரியான பிறகு, அழுத்தக் கேஜ் பொருத்திப் பார்த்துத்தான். என் வண்டியில் அந்த மூடியே காணோம், கடைசி வரை இடஞ்சுழியாகத் திருப்பி வைத்திருந்தார்கள். வேக்யூம் கசிவைச் சரிசெய்ததும் வண்டி வழுக்க ஆரம்பித்திருந்தது, அதற்குக் காரணம் அதுதான். அழுத்தக் கேஜுக்கான இணைப்பு முனையைக் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள், 400 ரூபாய். மேனுவலில் இருந்த அளவுக்கு மாடுலேட்டரைக் கொண்டுவந்து, பெயிண்டால் ஒரு கோடு போட்டு மூடினேன். மாடுலேட்டருக்கு வரும் வேக்யூம் என் வண்டியில் ஐடிலில் 12 அங்குலம் அருகில், காலை அழுத்த அழுத்தச் சீராக இறங்கிப் பூஜ்யத்துக்கு வருகிறது. எங்காவது தாவினால் டீசல் பம்ப் மேல் இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகிக்கலாம்.

எல்லாம் சேர்த்து உண்மையான பழுதுக்கு ஆன செலவு, கை பம்ப் விலையோடு, 11,000 ரூபாய்க்குள். அதில் முறையாக மறுபடி ஆயில் மாற்றியதும் அடக்கம். அம்மா பழையபடி பின்சீட்டில் வருகிறார். குன்னூர் மலைப்பாதையில் கீழே இறங்கும்போது லீவரை இரண்டுக்குக் கொண்டுவந்தால் எஞ்சின் அடக்கிப் பிடிக்கிறது, இடி இல்லை.

இன்னும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆயில் கீழே சொட்டாமலேயே அளவு குறைந்துகொண்டு போனால் மாடுலேட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் இருந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்துவிட்டது. வேக்யூம் பம்ப் அந்த ஆயிலை உறிஞ்சி எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டிருக்கும், எஞ்சின் ஆயில் அளவு ஏறுவதைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். பழுப்புக் குழாயில் கருப்பு ஆயில் இருந்தால் எஞ்சினை நிறுத்தும் பாகத்தின் சவ்வு போயிருக்கிறது. ரிவர்ஸ் நன்றாக எடுத்து, முன்னோக்கி மட்டும் வண்டி நகரவே மறுத்தால் அது வேக்யூம் இல்லை. இந்தக் கியர்பாக்ஸ்களில் பி2 என்ற பிஸ்டன் உடைவது தெரிந்த நோய், அதற்கு முழு ஓவர்ஹாலுக்கு ஒத்துக்கொள்ளும் முன் அதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக மிதித்தால் வண்டி இரண்டாவது கியரில் கிளம்பினால் பயப்படாதீர்கள், இவற்றில் பலவற்றை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பேட்டரி இறங்கினால் தள்ளிக் கிளப்ப முடியாது. ஜம்பர் கேபிளை டிக்கியில் வைத்திருங்கள்.

பட்டறையில் விடும்போது வேலைச் சீட்டில் உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எனக்குத் தெரிவிக்காமல் மாடுலேட்டரைத் திருப்பக் கூடாது, வேக்யூம் அளவையும் கியர்பாக்ஸ் அழுத்தத்தையும் எண்ணாக எழுதித் தந்த பிறகே பாக்ஸை இறக்க வேண்டும், கழற்றிய பழைய பாகங்கள் எனக்குத் திரும்ப வேண்டும். இதற்கு முகம் சுளிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள். கை பம்பும் கேஜும் இல்லாத பட்டறை என்றால் உங்களுடையதை எடுத்துக்கொண்டு போங்கள். கோவைப் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் என்னுடையதையும், லேத்தில் கடைந்த அந்த இணைப்பு முனையையும் தாராளமாக வாங்கிக்கொண்டு போகலாம்.